பார்டரா, நார்ஃபோக்கா? சிறு டெரியர் வளர்க்கக் கிளம்பும் ஒரு குடும்பத்துக்கு

போன தீபாவளிக்கு என் தங்கை வீட்டில் தொடங்கிய பேச்சு இன்னும் ஓயவில்லை. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், ஊரை விட்டுச் சற்றுத் தள்ளி, பின்புறம் நல்ல தோட்டம் உள்ள வீடாகப் பார்த்து வாங்கியிருக்கிறார்கள். அங்கே சிறு டெரியர் நாய்களை வைத்து, ஆண்டுக்கு ஓர் ஈற்று எடுத்து, நாய்க் கண்காட்சிகளுக்கும் கொண்டுபோக வேண்டும் என்பது மாப்பிள்ளையின் நெடுநாள் ஆசை. பதின்மூன்று வயது மருமகளுக்கோ அது ஆசை என்ற நிலையைத் தாண்டிப் பிடிவாதமாகிவிட்டது. "எந்த இனம் வாங்குவது, அண்ணா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று தங்கை என்னிடம் தள்ளிவிட்டாள்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்து வீட்டு ஆங்கிலேயத் தம்பதி முப்பது ஆண்டுகளாகக் குடும்பக் கென்னல், அதாவது நாய் வளர்ப்பகம், நடத்துகிறவர்கள். முதலில் நார்ஃபோக், பிறகு பார்டர். சனிக்கிழமைகளில் கூண்டு கழுவப் போனவன் நான். கொஞ்ச காலத்தில் நள்ளிரவில் டார்ச் பிடிக்கவும் கூப்பிட்டார்கள். கோப்பை வாங்கியதைவிடக் குட்டி பிறந்ததைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் என் பதிலும் அந்தப் பக்கமாகவே சாயும் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

மேசைமீது இருந்த பெயர்கள் இவை: பார்டர், நார்ஃபோக், அதன் உடன்பிறப்பான நாரிச், கேர்ன். மாப்பிள்ளைக்கு சீலிஹாம்மீது ஒரு கண். எல்லாம் பிரிட்டனில் உருவான இனங்கள். எலி, நரி, நீர்நாய் என்று வளைக்குள் ஒளியும் விலங்குகளைத் துரத்தப் பழக்கப்பட்டவை. மூர்த்தி சிறிதென்றாலும் கீர்த்தி பெரிது என்பதற்கு இவற்றைவிடப் பொருத்தமான உயிரினம் இல்லை. பத்து அங்குல உயரத்தில் நின்றுகொண்டு தபால்காரரின் வேனையே எதிர்க்கும்.

சிலவற்றை உடனே கழித்துவிட்டோம். ஸ்காட்டிஷ் டெரியர் பார்க்கக் கம்பீரம். ஆனால் பிரிட்டனில் நாய் இனங்களின் பிரசவத்தைப் பற்றி 2010இல் வெளியான ஓர் ஆய்வில், அதன் ஈற்றுகளில் ஏறத்தாழ 60 சதவீதம் அறுவை மூலம் நடந்ததாகத் தெரிந்தது. புதிதாகத் தொடங்கும் குடும்பத்துக்கு அது வேண்டவே வேண்டாம். வெஸ்ட் ஹைலண்ட் வெள்ளை டெரியர் 1976, 1990, 2016 என மூன்று முறை பிரிட்டனின் பெரிய நாய்க் கண்காட்சியான க்ரஃப்ட்ஸில் தலைப்பரிசு வென்ற இனம்தான். ஆனால் தோல் ஒவ்வாமை அந்த இனத்தைப் பிடித்த பீடை. ஜாக் ரஸ்ஸலை பிரிட்டனின் கென்னல் கிளப் 2016இல்தான் தன் பதிவேட்டில் ஏற்றுக்கொண்டது. நல்ல நாய்தான். ஆனால் எந்தப் பண்ணைக்குப் போனாலும் வம்சாவளிச் சீட்டு இல்லாத ஜாக் ரஸ்ஸல் ஒன்று வைக்கோல் போரின்மேல் உட்கார்ந்திருக்கும். சீட்டோடு நீங்கள் வளர்க்கும் குட்டிக்கு எதற்கு இந்த விலை என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

இனத்துக்குப் போகுமுன் அளவைப் பேசியாக வேண்டும். இங்கிலாந்தின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, 12 மாதங்களில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஈற்றுகள் எடுத்துக் குட்டிகளை விற்றால் உள்ளூர் மன்றத்தின் உரிமம் வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தாலும், வியாபாரமாக நடத்துகிறீர்கள் என்று மன்றம் கருதினால் உரிமம் கேட்கும். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. அதற்குள் மைக்ரோசிப் பொருத்திவிட வேண்டும். தங்கை வீட்டில் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். அவள் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். இரண்டு பெட்டைகள், ஆண்டுக்கு ஓர் ஈற்று, அதற்குமேல் கூடாது என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டேன். ஆண் நாய் வைத்துக்கொள்ளும் பேச்சே வேண்டாம். பெட்டை பருவத்துக்கு வரும் மூன்று வாரமும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் ஆண் நாய் சோறு தின்னாது, தூங்காது, வீட்டாரையும் தூங்க விடாது. வெளியே நல்ல ஆண் நாய்கள் எத்தனையோ உண்டு. இணை சேர்க்கப் பெரும்பாலும் ஒரு குட்டியின் விலையளவு கட்டணம் கேட்பார்கள், அல்லது ஈற்றில் ஒரு குட்டியை எடுத்துக்கொள்வார்கள்.

ஆண்டுக்கு ஓர் ஈற்று என்று வைத்துக்கொண்டால் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் எண் ஒன்றுதான்: அந்த ஈற்றில் எத்தனை குட்டி?

நாய் வளர்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் முடி, காது, குணம், விலை எல்லாம் சொல்வார்கள்; இதைச் சொல்ல மாட்டார்கள். கண்காட்சிக்கு வளர்க்கிறவருக்கு ஈற்றென்பது விற்பனைச் சரக்கு அன்று, அடுத்த தலைமுறையைப் பொறுக்கி எடுக்கும் வாய்ப்பு. நார்ஃபோக், நாரிச் இரண்டிலும் இரண்டோ மூன்றோ குட்டிகள் பிறப்பது சாதாரணம். பார்டரில் நான்கிலிருந்து ஆறு வரை எதிர்பார்க்கலாம். கேர்ன் இரண்டுக்கும் நடுவில். வம்சத்தைத் தொடர உங்களுக்கு ஒரு பெண்குட்டி வேண்டும். இரண்டு குட்டி பிறந்தால், அதில் பெண்ணே இல்லாமல் போக நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. மூன்று என்றால் எட்டில் ஒன்று. ஐந்து என்றால் முப்பத்திரண்டில் ஒன்று. பெண்ணாகப் பிறந்தாலும் போதாது. பற்கள் சரியாகக் கோக்க வேண்டும், முன்னங்கால் வளையக் கூடாது, அந்நியர் கை பட்டால் ஒடுங்கக் கூடாது. இரண்டில் பொறுக்குவதும் ஐந்தில் பொறுக்குவதும் ஒன்றாகுமா? பக்கத்து வீட்டு அம்மையார் தம் நார்ஃபோக் பெட்டையிடமிருந்து ஒரு பெண்குட்டி பெற மூன்று ஈற்றுகள் காத்திருந்தார். ஆறு ஆண்டுகள். மூன்றாவது ஈற்றில் பிறந்த அந்த ஒரே பெண்குட்டிக்குக் கீழ்த்தாடை முன்னால் நீண்டிருந்தது.

எண் குறைந்தால் ஆபத்தும் கூடுகிறது. இதைப் புதியவர்கள் நம்புவதில்லை. ஒரே குட்டிதானே, சுகப்பிரசவம் எளிது என்று நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. பிரசவ வலியைத் தொடங்கிவைக்கும் சமிக்ஞை குட்டிகளிடமிருந்தே வருகிறது. ஒற்றைக் குட்டி என்றால் அந்தச் சமிக்ஞை பலவீனமாக இருக்கும், வலி தள்ளிப்போகும். வயிற்றில் போட்டிக்கு ஆள் இல்லாததால் குட்டியும் பருத்துவிடும். ஐந்து கிலோ எடையுள்ள தாய்க்கு அது வழியில் வந்து சிக்கும். சினையான 63ஆம் நாளை ஒட்டித் தாயின் உடல் வெப்பம் 37 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஒரு நாளுக்குள் ஈனும் என்பது கணக்கு. வெப்பம் இறங்கி, ஒரு நாள் கழிந்து, தாய் படுக்கையைப் பிறாண்டிக்கொண்டு மட்டும் இருந்த ஓர் இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காரில் முன்சீட்டில் நான். பின்சீட்டில் அம்மையார், மடியில் நாய். பனிபெய்த சாலை. அறுவை முடிந்து பில் வந்தபோது இரண்டாயிரம் பவுண்டைத் தாண்டியிருந்தது. கிடைத்தது ஓர் ஆண்குட்டி. அவர் பணத்துக்காக வருந்தவில்லை. "இன்னும் ஒரு தடவைதான் இவளுக்கு" என்றார். இரண்டு முறை அறுவைப் பிரசவம் நடந்த பெட்டையின் அடுத்த ஈற்றைக் கென்னல் கிளப் பதிவுசெய்வதில்லை. ஒரு பெட்டைக்கு மொத்தம் நான்கு ஈற்றுகள் என்ற வரம்பும் உண்டு.

இவ்வளவு சொன்ன பிறகும் நார்ஃபோக்கை என்னால் வெறுக்க முடியவில்லை. இந்த அளவுள்ள நாய்களில் இவ்வளவு இனிமையான பிறவி வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இனம் எப்படி இருக்க வேண்டும் என்று நடுவர்களுக்குச் சொல்லும் தரக்குறிப்பிலேயே அன்பான சுபாவம், சண்டைக்குப் போகாதது என்று எழுதியிருக்கிறது. வேலை செய்ததால் வந்த கௌரவமான தழும்புகளுக்கு நடுவர் அதிகம் மதிப்பெண் குறைக்கக் கூடாது என்றும் இருக்கிறது. அழகுப் போட்டியில் தழும்புக்கு மரியாதை தரும் அந்த ஒரு வரிக்காகவே எனக்கு இந்த இனத்தைப் பிடிக்கும்.

நார்ஃபோக்கும் நாரிச்சும் ஒரு காலத்தில் ஒரே இனம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் அறையில் எலி பிடிக்க வைத்திருந்த சிறு செந்நிற நாய்களை, டிரம்பிங்டன் தெருவின் பெயரால் டிரம்பிங்டன் டெரியர் என்று அழைத்தார்கள். அந்த வழியில் வந்ததை 1932இல் கென்னல் கிளப் நாரிச் டெரியர் என்று ஏற்றது. அப்போது காது நிமிர்ந்ததும் மடிந்ததும் ஒரே பெயரில் இருந்தன. இரண்டையும் கலந்தால் பாதி நிமிர்ந்து பாதி விழுந்த காதுகள் பிறந்தன. 1964இல் பிரித்தார்கள்: நிமிர்ந்த காது நாரிச், மடிந்த காது நார்ஃபோக். அமெரிக்கா இதே பிரிவினையை 1979இல்தான் செய்தது. உயரம் இரண்டுக்கும் 25 சென்டிமீட்டர் அளவு; எடை ஐந்து கிலோவைச் சுற்றி. தூரத்தில் நின்று பார்க்கும் விருந்தாளிக்குக் காதைத் தவிர வேறு வித்தியாசம் தெரியாது.

வளர்ப்பவருக்கு வித்தியாசம் உள்ளே இருக்கிறது. நாரிச்சுக்கு மூச்சுக்குழாயின் மேல்பகுதியில் ஒரு கோளாறு வரும். மூக்கு சப்பையில்லாத நாய்க்கு, பக் நாய்க்கு வருவது போன்ற மூச்சுத்திணறல். 2019இல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கும் ஏடிஏஎம்டிஎஸ்3 என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றத்துக்கும் தொடர்பு இருப்பதாகக் கண்டறிந்தார்கள். முகம் நீளமாக இருப்பதால் வெளியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஓடவிட்டு, மூச்சு இரைவதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும், தேவைப்பட்டால் குழாய்க் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். நார்ஃபோக்கில் கவலை இதயத்தின் மிட்ரல் வால்வு. அது வயது ஏறஏறத்தான் தெரியும். இரண்டு வயதில் சுத்தமான இதயத்தோடு குட்டி போட்ட பெட்டைக்கு ஏழு வயதில் முணுமுணுப்புச் சத்தம் கேட்கும். அதற்குள் அதன் பேத்திகள் ஊரெல்லாம் பரவியிருப்பார்கள். அதனால் பெட்டை வாங்கும்போது அதன் பாட்டியின் இதயத்தைப் பற்றிக் கேளுங்கள் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பார்டருக்கு வருவோம். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சந்திக்கும் எல்லை மலைகளில் நரிவேட்டைக்காரர்கள் வளர்த்த நாய். குதிரைகளுக்குப் பின்னால் ஓட நீண்ட கால், நரியின் வளைக்குள் நுழைய ஒடுங்கிய மார்பு. 1920இல் பதிவேட்டில் ஏறியது. முகம் நீர்நாயின் முகம். இதுவும் தரக்குறிப்பில் உள்ள சொல்தான். ஆண் 5.9 முதல் 7.1 கிலோ, பெட்டை 5.1 முதல் 6.4 கிலோ. நடுவர் இரண்டு கைகளையும் தோளுக்குப் பின்னால் வளைத்து மார்பைப் பிடித்துப் பார்ப்பார். விரல்கள் சேர வேண்டும். சேராவிட்டால் வளைக்குள் சிக்கிக்கொள்ளும் நாய் என்று பொருள். நாய்களைக் கொண்டு நரி வேட்டையாடுவதைத் தடைசெய்யும் சட்டம் இங்கிலாந்தில் 2005இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. நடுவர்களின் கைகள் மட்டும் இன்னும் நரிவளையை அளந்துகொண்டிருக்கின்றன.

பார்டரின் பிரசவம் பெரும்பாலும் அதுவே பார்த்துக்கொள்ளும் வேலை. முதல் ஈற்றின்போது பக்கத்து வீட்டுப் பெட்டை விடியற்காலை நான்கு மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள் ஐந்து குட்டிகளைப் போட்டு, நக்கித் துடைத்து, பால் கொடுக்கவும் ஆரம்பித்துவிட்டது. நாங்கள் தேநீர் குடித்தோம். குட்டிகளை அடையாளம் காணக் கழுத்தில் கட்டிய வண்ணக் கயிறுகளின் நிறத்தை எடை குறிக்கும் தாளில் எழுதியதுதான் என் பங்களிப்பு.

நோய் இல்லாத இனம் கிடையாது. பார்டருக்கு ஒரு வலிப்பு மாதிரியான இழுப்பு வரும். நினைவு தப்பாமலே உடல் விறைத்துத் தள்ளாடும். 2015இல் வெளியான ஆய்வொன்று, கோதுமையில் உள்ள குளூட்டனை உணவிலிருந்து நீக்கினால் நிலைமை நன்கு மேம்படுவதைக் காட்டியது. ஆகவே இது வந்தாலும் சமாளிக்க முடிகிற ரகம். இன்னொன்று கொடியது: பிறந்து இரண்டு மூன்று வாரத்தில், நிற்கப் பழகும்போதே குட்டி நடுங்கும், பிழைக்காது. ஆனால் இதற்கு மரபணுச் சோதனை இருக்கிறது. தாய், தந்தை இருவருமே குறையுள்ள மரபணுவைச் சுமந்தால்தான் குட்டிக்கு நோய் வரும். ஒருவர் சுத்தமாக இருந்தால் ஒரு குட்டிக்கும் வராது. பாதிக் குட்டிகள் குறையைச் சுமக்கலாம், அவ்வளவுதான். குறையைச் சுமக்கும் நாயை வளர்ப்பிலிருந்தே விலக்க வேண்டும் என்று புதியவர்கள் ஆவேசப்படுவார்கள். தேவையில்லை. இனத்தின் மரபணு வளம் அப்படியே சுருங்கிக்கொண்டே போனால் வேறு நோய்கள் தலைதூக்கும். கன்னத்தில் அடிபட்டு மருந்து வாங்கப் போய் கழுத்தை உடைத்துக்கொண்ட கதையாகிவிடும். சுத்தமான ஜோடியைத் தேடிச் சேர்த்தால் போதும்.

நார்ஃபோக்கின் இதயத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று, உமிழ்நீரைத் துடைத்தெடுத்து அஞ்சலில் அனுப்பினால் முன்கூட்டியே விடை தெரியும். மற்றது ஏழு வயது வரை காத்திருந்து தெரிந்துகொள்வது. குடும்பக் கென்னலுக்கு முன்னதுதான் தாங்கும்.

அப்படியானால் பார்டர் என்று முடித்துவிடலாமே? அங்கேதான் கண்காட்சி குறுக்கே வருகிறது.

பிரிட்டனில் ஒரு நாய் சாம்பியன் ஆக, மூன்று வெவ்வேறு நடுவர்களிடமிருந்து மூன்று சேலஞ்ச் சர்டிஃபிகேட் பெற வேண்டும். அவற்றில் ஒன்றாவது ஒரு வயது கடந்த பிறகு பெற்றதாக இருக்க வேண்டும். ஒரு சாம்பியன்ஷிப் கண்காட்சியில் ஓர் இனத்தின் ஆணுக்கு ஒன்று, பெட்டைக்கு ஒன்று, அவ்வளவே. பார்டருக்குப் பெரிய கண்காட்சிகளில் நூற்றைத் தாண்டிய பதிவுகள் வருவது அதிசயமில்லை. வட இங்கிலாந்திலிருந்து மூன்று தலைமுறையாக பார்டர் வைத்திருக்கும் குடும்பங்கள் வண்டி கட்டிக்கொண்டு வருகின்றன. அந்தக் கூட்டத்தில் உங்கள் நாய் முதல் ஐந்தில் நிற்பதே ஒரு சாதனை. நார்ஃபோக்கை நடத்திக் காட்டும் கண்காட்சி வட்டத்திலோ சில வகுப்புகளில் இரண்டு மூன்று நாய்கள்தான் நிற்கும். நல்ல நாய் இருந்தால் சீக்கிரம் கண்ணில் படும். அதோடு, பார்டர் இயல்பாகவே கசங்கிய கோட்டுப் போட்டது போன்ற நாய். எல்லா இனமும் கூடும் தலைப்பரிசு வட்டத்தில் நடுவரின் கண்ணை அது சட்டென்று இழுப்பதில்லை. 2005இல் க்ரஃப்ட்ஸில் கிராக்னர் காஸ் செலபர் என்ற நார்ஃபோக் பெட்டை தலைப்பரிசு வாங்கியதை மருமகள் பிறப்பதற்கு முன்பே நடந்த வீரகதையாகப் படித்து வைத்திருக்கிறாள். அவள் அறைச் சுவரில் அதன் படம்.

ஆக, வட்டத்தில் வேகமாக மேலே வர நார்ஃபோக். வீட்டில் நிம்மதியாகத் தூங்க பார்டர். சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான் தகராறு.

முடி வேலையையும் எடைபோட வேண்டும். இந்த நாய்களுக்கெல்லாம் மேலே முரட்டு முடி, அடியில் மென்மயிர். கத்தரியோ மெஷினோ பட்டால் முரட்டு முடியின் தன்மையும் நிறமும் போய்விடும். முதிர்ந்த முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்துக் கையால்தான் உருவ வேண்டும். முதிர்ந்த முடி வலியில்லாமல் வரும், தோட்டத்தில் காய்ந்த புல்லைப் பிடுங்குவது போல. நார்ஃபோக், கேர்ன் இரண்டுக்கும் வாரம் தோறும் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டே இருந்தால் ஆண்டு முழுதும் வட்டத்துக்குத் தயாராக இருக்கும். பார்டரை ஒரேயடியாக அடிமயிர் வரை உருவிவிட்டு, இரண்டு மூன்று மாதம் வளரவிடுவாரும் உண்டு. எப்போது உருவினால் எந்தக் கண்காட்சிக்கு முடி சரியாக வந்து நிற்கும் என்று நாள்காட்டியில் பின்னோக்கி எண்ணுவது ஒரு தனிக் கலை. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கல்யாண நாள் மறந்துபோகும், இது மறக்காது.

இந்த முடி வேலைதான் சீலிஹாமை வெட்டிவிட்டது. வேல்ஸின் பெம்ப்ரோக்‌ஷயரில் ஜான் எட்வர்ட்ஸ் என்ற கேப்டன் உருவாக்கிய வெள்ளை நாய். ஒரு காலத்தில் ஹாலிவுட் நட்சத்திரங்களின் மடியில் இருந்தது. இப்போது ஆண்டுக்கு 300 குட்டிகூடப் பதிவாகாத உள்நாட்டு இனங்களின் பட்டியலில் இருக்கிறது. 2009இல் க்ரஃப்ட்ஸ் தலைப்பரிசை ஒரு சீலிஹாம் வென்றும் நிலைமை தலைகீழாக மாறிவிடவில்லை. அழியும் இனத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று மாப்பிள்ளைக்கு ஓர் உணர்ச்சி. நல்ல உணர்ச்சிதான். ஆனால் நாலா பக்கமும் தொங்கும் வெள்ளை முடியை ஈரமான இங்கிலாந்துத் தோட்டத்தில் வெள்ளையாகவே வைத்திருக்கப்போவது அவரா, என் தங்கையா என்று கேட்டதும் அந்தப் பேச்சு நின்றது. அரிய இனத்தில் இன்னொரு சங்கடம்: நாட்டில் இருக்கும் ஆண் நாய்கள் பெரும்பாலும் உங்கள் பெட்டைக்குப் பங்காளிகள். ரத்த உறவில்லாத ஜோடிக்குக் கடல் தாண்டித் தேட வேண்டும். அது பத்து ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் செய்ய வேண்டிய காரியம்.

கடல் தாண்டித் தேடுவதைப் பற்றி ஓர் எச்சரிக்கை, நார்ஃபோக் ஆசைக்காரர்களுக்கு. அமெரிக்காவில் நார்ஃபோக், நாரிச் நாய்களின் வாலை நறுக்கும் வழக்கம் உண்டு. இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல் வால் நறுக்கத் தடை. அதற்குப் பிறகு வால் நறுக்கப்பட்ட நாயை, பொதுமக்கள் கட்டணம் கட்டி உள்ளே வரும் கண்காட்சியில் காட்டவும் கூடாது. அருமையான நாயை விலைகொடுத்து வரவழைத்துவிட்டு வாசலில் நிற்க நேரும். பார்டருக்கும் கேர்னுக்கும் வால் எப்போதும் முழுசாகவே இருந்ததால் இந்தத் தொல்லை இல்லை.

கேர்னைப் பற்றிக் குறைவாகவே சொல்லியிருக்கிறேன். தங்கைக்கு அதுதான் பிடிக்கும் என்பதால் சற்றுக் கூச்சம். ஸ்காட்லாந்தின் கற்குவியல்களுக்குள் நுழைந்து வேட்டையாடியதால் அந்தப் பெயர். 1939இல் வந்த விஸார்ட் ஆஃப் ஓஸ் படத்தில் டோட்டோவாக நடித்தது ஒரு கேர்ன் பெட்டை. வெள்ளை கூடாது, மற்றபடி கோதுமை, சிவப்பு, சாம்பல், ஏறக்குறையக் கறுப்பு என்று பல நிறம், அதுவும் வயதாக வயதாக மாறிக்கொண்டே இருக்கும். உடல் கட்டு உறுதி, ஆறேழு கிலோ. ஈற்றும் மோசமில்லை. நோய்களில் ஒன்று, நான்கைந்து மாதக் குட்டிக்குத் தாடை எலும்பு தடித்து வாய் திறக்கவே வலிப்பது. இன்னொன்று, ரத்தம் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் போய்விடுவது. முதலாவதற்கு மரபணுச் சோதனை உண்டு. இரண்டாவதைக் குட்டிகளின் ரத்தத்தைச் சோதித்துத்தான் பிடிக்க வேண்டும். எனக்குள்ள தயக்கம் நோயால் வந்ததன்று. கேர்ன் பெட்டைகள் தலைமைக்குப் போட்டியிடும். நான் பார்த்த ஒரு வீட்டில் தாயும் மகளும் ஆண்டுக்கணக்காகத் தனித்தனி அறையில் வாழ்ந்தன; ஒன்று சமையலறையில் இருந்தால் மற்றது மாடியில். ஒரே ஒரு நாய் போதும் என்கிற குடும்பத்துக்குக் கேர்ன் அற்புதம். பெட்டை, அதன் மகள், ஓய்வுபெற்ற பாட்டி என்று மூன்று தலைமுறை ஒரே அடுப்படியில் படுக்க வேண்டிய கென்னலுக்கு, வேட்டை நாய்க் கூட்டத்தோடு பழகிய பார்டரும் சண்டை விரும்பாத நார்ஃபோக்கும்தான் ஒத்துவரும்.

அந்தப் பாட்டியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பெட்டை இரண்டு வயதில் முதல் ஈற்று போடும். ஐந்தாறு வயதில் ஓய்வு. அதற்குமேல் எட்டு, ஒன்பது ஆண்டு வாழும். இன்று இரண்டு நாயோடு தொடங்கினால் பத்து ஆண்டில் வீட்டில் ஐந்து நாய் இருக்கும், அவற்றில் மூன்று எந்தக் கோப்பையும் கொண்டுவராது. இதைச் சொன்னபோது தங்கை, "நம் வீட்டில் பாட்டியை வைத்துப் பார்த்துக்கொள்ளவில்லையா அண்ணா?" என்றாள். அவளுக்கு இந்த வேலை ஒத்துவரும் என்று அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

என் பரிந்துரை பார்டர். தொடக்கத்தில் ஒரே ஒரு பெட்டைக்குட்டி. இரண்டாவது, அதன் மகளாக இருக்கட்டும். முதல் ஆண்டு முழுவதும் ஈற்றைப் பற்றி நினைக்காமல் உள்ளூர்ச் சிறு கண்காட்சிகளுக்குப் போய்த் தோற்றுவிட்டு வரட்டும். மருமகளுக்கு நாயைவிட வட்டத்தில் நடத்திக் காட்டும் கலையில்தான் கண். கென்னல் கிளப்பின் இளையோர் பிரிவு ஆறு வயதிலிருந்து இருபத்து நான்கு வயது வரை சேர்த்துக்கொள்கிறது, நடத்துபவரின் திறமைக்கென்றே தனிப் போட்டிகள் இருக்கின்றன. அங்கே நூறு பார்டர்கள் வந்தால் என்ன, நாய் எந்த இனமாக இருந்தால் என்ன, அவள் கைக்குத்தான் மதிப்பெண். நார்ஃபோக்குக்காக நான் கேட்ட ஒரே வலுவான வாதம் சீக்கிரம் ஜெயிக்கலாம் என்பது. அது இப்படிப் பாதி கரைந்துவிடுகிறது.

எனக்கு மாறாக முடிவெடுக்கக்கூடியவர்களும் உண்டு. வீட்டில் ஒருவர் எப்போதும் இருக்கிறார், நாய்களுக்கு நன்கு பிரசவம் பார்க்கத் தெரிந்த மருத்துவர் கால் மணி நேரத் தொலைவில் இருக்கிறார், ஒரு பெண்குட்டிக்காக ஆறு ஆண்டு காத்திருக்கும் பொறுமை இருக்கிறது என்றால் நார்ஃபோக்குக்கே போகலாம். எட்டு வாரத்தில் குட்டிகளுக்கு வீடு தேடி அலைய வேண்டியதில்லை. குட்டி பிறப்பதற்கு முன்பே கேட்டு வைத்திருப்பவர்களின் பட்டியல் நீளமாக இருக்கும்.

மாப்பிள்ளை போன மாதம் வடக்கே ஒரு பார்டர் வளர்ப்பாளருக்குத் தொலைபேசினார். குட்டியின் விலையைக் கேட்க நினைத்தவரிடம் அந்த அம்மாள் முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டிருக்கிறார். வேலியின் உயரம் என்ன, அதன் அடிப்பகுதி மண்ணுக்குள் எவ்வளவு ஆழம், பகலில் நாய் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும், இரவு எழுந்திருக்கப்போவது யார். வம்சத்துக்கு வைக்கத் தகுந்த பெட்டைக்குட்டியை முன்பின் தெரியாதவர்களுக்குத் தருவதில்லையாம். வசந்த காலக் கண்காட்சிக்கு வந்து தம் நாய்களைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், பிறகு பேசலாம் என்று முடித்துவிட்டார். மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் ரோஷம். எனக்கு மகிழ்ச்சி, அப்படிக் கேள்வி கேட்கிறவரிடம்தான் வாங்க வேண்டும்.

மருமகள் இப்போது சனிக்கிழமை தோறும் எங்கள் பக்கத்து வீட்டுக்கு வருகிறாள். பதினோரு வயதான கிழட்டு பார்டர் ஒன்றை மேசைமேல் நிறுத்தி, அதன் முதுகு முடியை உருவப் பழகுகிறாள். போன வாரம் இரண்டு மணி நேரம் உழைத்து ஒரு பக்கத்தை மட்டும் முடித்தாள். நாய் நின்றபடியே தூங்கிவிட்டது.